பல் செய்யும் எந்திரம்: எதை வாங்குவது? எப்பொழுது வாங்குவது?

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. இன்று பல் போனாலும் சொல் போவதில்லை. போன பல்லுக்குப் பதில் வேறு பல் கட்டிக்கொள்ளலாம். உடைந்த பல்லுக்குத் தொப்பி போல ஒரு மூடி போடலாம். அதைத்தான் எல்லோரும் "கேப்" என்கிறார்கள்.

கேப்பை வாயில் பொருத்துகிறவர் பல் டாக்டர். ஆனால், அதைச் செய்கிறவர் பெரும்பாலும் வேறு ஒருவர். அவரை நாம் பார்ப்பதே இல்லை. ஏதோ ஒரு தெருவில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து அவர் வேலை செய்கிறார். அந்த அறைக்கு "டெண்டல் லேப்" என்று பெயர்.

அந்தச் சிறிய அறைக்குள் இப்பொழுது ஒரு பெரிய கேள்வி புகுந்து இருக்கிறது. "கம்ப்யூட்டர் எந்திரம் வாங்குவதா? வாங்கினால் எதை வாங்குவது?"

இது லட்சக்கணக்கான ரூபாய் விஷயம். இதற்காக வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போகலாம். மனைவியின் நகை அடகுக்குப் போகலாம். ஆகவே, இது லேப் முதலாளியின் கேள்வி மட்டும் அல்ல. ஒரு குடும்பத்தின் கேள்வி.

நாம் சொல்லுவது இதுதான்: எந்திரம் வேண்டும். ஆனால், எந்திரத்தைக் கடைசியில் வாங்குங்கள்!

பழைய முறை

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். டாக்டர் பசை போன்ற பொருளை வாயில் வைத்து, பல்லின் அச்சு எடுப்பார். லேப்பில் அந்த அச்சில் மாவைக் கரைத்து ஊற்றி, பல்லின் மாதிரி செய்வார்கள். அதன் மேல் மெழுகால் கேப் செதுக்குவார்கள். மெழுகைச் சுற்றி அச்சு கட்டி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தைப் பாய்ச்சுவார்கள்.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிறார்கள் அல்லவா? அதே முறைதான். சிலை பெரியது, பல் சிறியது. அவ்வளவுதான்.

புதிய முறை

புதிய முறையில் ஒரு கண், ஒரு மூளை, ஒரு கை இருக்கின்றன.

கண் என்பது ஸ்கேனர். அது பல்லின் வடிவத்தை ஒளியால் அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மூளை என்பது கம்ப்யூட்டரில் உள்ள வடிவமைக்கும் மென்பொருள். டென்மார்க் நாட்டின் "த்ரீஷேப்", ஜெர்மனியின் "எக்சோகேட்" போன்றவை இவ்வகை. கை என்பது மில்லிங் எந்திரம். அது சுழலும் சிறிய ஊசிகளால் கேப்பைக் கடைந்து எடுக்கும்.

இது நேற்று வந்த முறை அல்ல. பிரான்சு நாட்டு டாக்டர் பிரான்சுவா தூரே 1970-களிலேயே இதைப் பற்றி எழுதினார். சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வெர்னர் மோர்மன், என்ஜினீயர் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற இருவரும் பாடுபட்டார்கள். 1985-ம் ஆண்டு செப்டம்பரில், எந்திரம் கடைந்த முதல் பல் அடைப்பை அங்கே ஒருவர் வாயில் பொருத்தினார்கள்.

இப்பொழுது கேப் செய்ய அதிகம் பயன்படுவது சிர்கோனியா என்ற வெள்ளைப் பொருள். இது வட்டத் தட்டாக வரும். சுண்ணாம்புக் கட்டி போல எளிதில் கடையலாம். கடையும்போது கேப்பைச் சுமார் 20 முதல் 25 சதவீதம் வரை பெரிதாகக் கடைவார்கள். பிறகு உலையில் சுமார் 1,500 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். மண் பானை சூளையில் சுருங்குவது போல அது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். கல் போல உறுதியாகும்.

முதலில் கண், பிறகு கை

மூன்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலில் ஸ்கேனரையும் மென்பொருளையும் வாங்கலாம். வடிவத்தை நம் லேப்பில் தயாரித்து, கடைந்து கொடுக்கும் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பலாம். அவர்கள் கடைந்து அனுப்புவார்கள்.

எப்பொழுது சொந்த எந்திரம் வாங்குவது? கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

பேச்சுக்கு, எந்திரமும் உலையும் சேர்ந்து 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டில் பணத்தை எடுக்கவேண்டும். அப்படியானால் மாதம் 33,333 ரூபாய் வரவேண்டும். வெளியே கொடுப்பதைவிட, சொந்தமாகக் கடைவதால் ஒரு கேப்புக்கு 500 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 67 கேப் செய்தால்தான் அசல் திரும்பும். வட்டி தனி!

மாதம் 30 கேப் வருகிற லேப்புக்கு இந்த எந்திரம் யானை. கட்டித் தீனி போட முடியாது.

பூட்டு யார் கையில்?

சில கம்பெனிகளின் கண்ணும், மூளையும், கையும் ஒன்றோடு ஒன்றுதான் பேசும். தட்டுகளைக்கூட அவர்களிடமே வாங்கவேண்டும். இது "மூடிய முறை". இதில் ஒரு நன்மை உண்டு. எது கெட்டாலும் ஒரே கம்பெனியைக் கேட்கலாம். ஆனால், அந்தக் கம்பெனி நாளைக்கு விலையை ஏற்றினால்? வாய் திறக்க முடியாது.

"திறந்த முறை"யில், எந்த ஸ்கேனரின் அளவையும் எந்த எந்திரத்துக்கும் கொடுக்கலாம். "எஸ்.டி.எல்." என்ற பொதுவான கோப்பு முறை இதற்கு உதவுகிறது. சிறிய லேப்புக்குத் திறந்த முறையே நல்லது என்பது நம் கருத்து.

விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: "நான் வரைந்த வடிவத்தை வேறு எந்திரத்துக்குக் கொடுக்கலாமா? மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டா? கட்டாவிட்டால் வேலை நின்றுவிடுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வேலைக்கு ஏற்ற எந்திரம்

சிர்கோனியாவையும் மெழுகையும் தண்ணீர் இல்லாமல் கடையலாம். கண்ணாடி போன்ற பீங்கானுக்கும், டைட்டானியம் உலோகத்துக்கும் தண்ணீர் பாய்ச்சிக் கடைவார்கள். சாதாரண கேப்புக்கு நான்கு அச்சு எந்திரம் போதும். சாய்ந்த பற்களுக்கும் இம்பிளாண்ட் வேலைக்கும் ஐந்து அச்சு எந்திரம் வேண்டும். உங்களுக்கு எந்த வேலை அதிகம் வருகிறது? கடந்த ஆண்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

எந்திரத்தின் விலையோடு செலவு முடியாது. தேயும் ஊசிகள் வாங்கவேண்டும். தூசியை இழுக்கும் கருவி வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது; ஆகவே அதில் சிக்கனம் கூடாது. கடையும்போது மின்சாரம் போனால் கேப் வீணாகலாம், ஆகவே யு.பி.எஸ். வேண்டும்.

பார்த்து வாங்குங்கள்

கண்காட்சியில் வைத்திருக்கும் அழகான பல்லைப் பார்த்து மயங்காதீர்கள். உங்களுக்கு வந்த மிகக் கடினமான வேலையை எடுத்துச் செல்லுங்கள். கண் முன்னே கடையச் சொல்லுங்கள். மாதிரியில் பொருத்தி, பூதக்கண்ணாடியால் ஓரத்தைப் பாருங்கள்.

கேப்பின் ஓரத்துக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரானுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது பொதுவான கணக்கு. ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சாதாரணக் காகிதத்தின் கனம் சுமார் 100 மைக்ரான். காகிதம் நுழையும் சந்தில் கிருமியும் நுழையும். கேப்புக்கு அடியில் பல் சொத்தையாகும். அவதிப்படுகிறவர் யார்? நம்மைப் போன்ற ஒருவர்.

பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை நாளில் வருவார் என்பதையும் கேளுங்கள். அதே எந்திரத்தை 2 ஆண்டு ஓட்டியவரைத் தேடிப் பிடித்து விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் முன், மனைவியும் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

கைத்தொழிலாளியை விடாதீர்கள்

எந்திரம் வந்துவிட்டது என்று பழைய தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு. மெழுகில் பல் செதுக்கிய கைக்குத்தான், கம்ப்யூட்டர் வரைந்த பல் சரியா, தவறா என்று தெரியும். நிறம் தீட்டுவதும், மெருகு கொடுப்பதும், கடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இன்றும் மனிதன் வேலைதான். அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுங்கள். எந்திரத்துக்குச் செலவு செய்கிற முதலாளி, மனிதனுக்கும் கொஞ்சம் செலவு செய்யட்டும்.

கேப் போட்டுக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. "எந்திரத்தில் செய்தது" என்பதாலேயே அது உயர்ந்தது ஆகிவிடாது. "எந்தப் பொருளில் செய்தது? எத்தனை ஆண்டு உத்தரவாதம்?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.