ஒரு படிகமும் மீதித் தூளும்

டைமெத்தில் டெல்லூரியம் டைஅயோடைடின் வரலாற்றை, நம் துறைக்கு வரும் ஒவ்வொரு ஆய்வு மாணவரும் முதல் மாதத்திலேயே படித்துவிட வேண்டும். டெல்லூரியம் தூளை மெத்தில் அயோடைடுடன் சேர்த்துச் சூடாக்கினால் ஆல்ஃபா வடிவம் கிடைக்கும். அதைக் காரமாக மாற்றி, வற்றவைத்து, மறுபடி ஹைட்ரயோடிக் அமிலம் சேர்த்தால் வருவது பீட்டா. 1920இல் வெர்னான் இவ்விரண்டையும் ஒரே மூலக்கூறின் சிஸ், டிரான்ஸ் மாற்றியங்கள் என்றார். தனிமப் பகுப்பாய்வு அவர் சொன்னதற்குக் குறுக்கே நிற்கவில்லை, நிற்கவும் வழியில்லை. 1929இல் ட்ரூ, வேதிவினைகளை வைத்தே பீட்டா ஓர் உப்பு என்று காட்டினார். மூன்று மெத்தில் தொகுதிகள் கொண்ட டெல்லூரோனியம் அதன் நேர் அயனி; ஒரு மெத்திலும் நான்கு அயோடினும் டெல்லூரியத்தோடு பிணைந்தது எதிர் அயனி. இரண்டையும் கூட்டினால் ஆல்ஃபாவின் வாய்பாடு அப்படியே இருமடங்காக வரும்! எக்ஸ்-கதிர்ப் படிகவியல் இதை உறுதிசெய்தது 1967இல்.

இன்று நமக்கு வரும் கட்டுரைகளில் நிலைமை தலைகீழ். படிகக் கட்டமைப்பு பிரமாதமாக இருக்கிறது, மற்றதெல்லாம் ஒப்புக்கு. குப்பியின் அடியில் படிந்திருப்பதில் நல்ல விளிம்புள்ள ஒரு படிகத்தை நுண்ணோக்கியில் பார்த்து எடுக்கிறோம். மீதித் தூளும் அதே பொருள்தானா என்று யாரும் கேட்பதில்லை. டெல்லூரியத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. டெல்லூரியம், அயோடின் ஆகியவற்றின் வான் டெர் வால்ஸ் ஆரங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 4.04 ஆங்ஸ்ட்ராம். அதைவிடக் குறைந்த தொலைவில் பக்கத்து மூலக்கூறின் அயோடின் வந்து நிற்பது சர்வசாதாரணம். ஆல்காக் 1972இல் இரண்டாம்நிலைப் பிணைப்பு என்று பெயரிட்டது இத்தகைய தொடர்புகளைத்தான். படிகத்தில் சங்கிலியாகக் கோத்து நிற்கும் இவை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைந்ததும் அவிழ்ந்துவிடலாம்; கரைப்பானின் ஆக்சிஜன் அந்த இடத்தில் வந்து அமரும்.

கரைசலில் என்ன இருக்கிறது என்று சொல்ல டெல்லூரியம்-125 என்எம்ஆர் இருக்கிறது. சுழல் அரை, இயற்கையில் 7 சதவீதம், ஏற்புத்திறனோ கார்பன்-13ஐப் போல் சுமார் 13 மடங்கு. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 126 மெகாஹெர்ட்ஸ் அருகே வருவதால் வழக்கமான அகலப்பட்டை புரோப் போதும். தனிக் கருவி இல்லை என்ற விளக்கத்தை இனி ஏற்பது கடினம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வேதிப்பெயர்ச்சியின் வீச்சு 4000 பிபிஎம்மைத் தாண்டும். குறுகிய பட்டையில் எடுத்தால் உச்சி தப்பிப்போகும், அல்லது மடிந்து தவறான இடத்தில் தலைகாட்டும். பட்டையின் மையத்தை நகர்த்தி மறுபடி எடுங்கள். உண்மையான உச்சி இடம் மாறாது. கரைப்பான், செறிவு, வெப்பநிலை மூன்றையும் குறிப்பிடாமல் பெயர்ச்சி மதிப்பை மட்டும் தந்தால், அதை இன்னொரு ஆய்வகத்தின் மதிப்போடு ஒப்பிட முடியாது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, புதிய கரிம டெல்லூரியம் சேர்மம் எதற்கும் படிகத் தரவோடு இரண்டைச் சேர்த்து அனுப்பக் கேட்கிறோம். ஒன்று, மேற்சொன்ன விவரங்களுடன் டெல்லூரியம்-125 நிறமாலை. மற்றது, மொத்தத் தூளின் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவு, தனிப்படிகத்திலிருந்து கணித்த வடிவத்தின் மேல் பொருத்திக் காட்டியபடி. இரண்டும் பொருந்தாவிட்டாலும் அனுப்புங்கள். தூளில் கூடுதலாகத் தெரியும் கோடுகளை மறைக்காத கட்டுரைக்கு இங்கே இடம் உண்டு.