செவிலியர் அறையிலிருந்து நிர்வாகக் கல்லூரிக்கு

வலங்கைமான் மாணவன் ஒருவன்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

பங்குனி மாதத்தில் எங்கள் வலங்கைமானுக்கு வந்தவர்கள் பாடைக்காவடியைப் பார்த்திருப்பீர்கள். கடும் நோயில் சாவின் வாசல்வரை சென்று மீண்டவர்கள், மகா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி, பாடையில் படுத்து உறவினர் தோளில் வருவார்கள். சிறு வயதில் அச்சத்தோடு பார்த்த காட்சி அது. இப்போது பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. இவர் பிழைத்ததில் அம்மன் அருளையும் மருத்துவர் கையையும் தவிர இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு உண்டு? நள்ளிரவில் சொட்டு மருந்து பாட்டிலை மாற்றியவரையும், இரத்தம் தேடி ஓடியவரையும், மருந்து தீருமுன் வாங்கி வைத்தவரையும் யார் நினைக்கிறார்கள்?

வள்ளுவர் நினைத்தார். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்து, மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறார். அந்த நான்காம் கூறில் நிற்பவர்கள் நிர்வாகக் கல்வி கற்க வேண்டும்; அவர்களுக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்த கருத்து.

என் அக்கா அந்த நான்காம் கூறைச் சேர்ந்தவள். செவிலியர் பட்டயம் பெற்று, பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். அங்கே, வீட்டுக்குப் போகலாம் என்று காலையில் மருத்துவர் சொன்ன நோயாளி, மாலைவரை கட்டிலிலேயே காத்திருப்பார். மருத்துவர் கையெழுத்து ஓரிடம், மீந்த மருந்தைத் திருப்புவது ஓரிடம், பில் ஓரிடம். ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்கும். அவர் எழுந்தால்தான் அடுத்த நோயாளிக்குக் கட்டில். அந்த அடுத்தவர் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். மறுநாள் யார் யார் வீட்டுக்குப் போகக்கூடும் என்பதை முதல்நாள் இரவே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்து, விடியற்காலையிலேயே மருந்துக் கணக்கை முடித்து அனுப்பினாள். அவளுடைய வார்டில் மட்டும் மதியத்துக்குள் கட்டில்கள் காலியாயின. நிர்வாக அலுவலர் கூப்பிட்டுப் பாராட்டுவார் என்று நினைத்தாள். அவரோ, "இது உங்க வேலை இல்லையேம்மா" என்றார். அவர் எம்.பி.ஏ. பட்டம் பெற்றவர். நோட்டு அலமாரிக்குள் போயிற்று.

தோழர்களே, நிர்வாகவியல் என்பது அந்த நோட்டுதானே! காவிரிக் கரைப் பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுவடையான நெல், எடை போடுமுன் மழையில் நனைந்தால் விளைந்தும் பயன் இல்லை. மருத்துவரின் திறமையும் அப்படித்தான். அது நோயாளியிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர வைத்தவர்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார்செய்து வைக்கும் முறை அங்கே வந்தது. மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. தயார்செய்பவர்கள் யார்? கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண்கள்! கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகப் பார்வை தந்தார்கள். கொல்கத்தா ஐ.ஐ.எம்.-இல் படித்த ஆர்.டி. துளசிராஜ் அதன் நிர்வாகத்தில் பெரும்பங்கு வகித்தார். 1993-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக எழுதியது.

அரசுத் துறையிலும் சான்று உண்டு. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. வங்கியில் தருவதுபோல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதன் வரம்புக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்தது. புதிய மருந்து எதையும் அது கண்டுபிடிக்கவில்லை; இருக்கும் மருந்தை ஒழுங்காகக் கொண்டுசேர்த்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுச் சென்றன.

"வைத்தியத்தை வியாபாரமாக்கவா படிக்கச் சொல்கிறாய்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவமனைக் கட்டணச் சீட்டைப் பார்த்து நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து என்ன? நோயாளியின் முகத்தைப் பார்த்திராதவர்களிடமே நிர்வாகத்தை விட்டுவிடுவதா? அலுவலர் நாற்காலிக்கு யாரோ ஒருவர் வரத்தான் போகிறார். கட்டிலருகே நின்றவர் வந்தால், கணக்கில் உள்ள எண் ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

இனித் தடைகளைப் பார்ப்போம். ஐ.ஐ.எம்.களில் சேர 'கேட்' தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பில் பொதுவாக 50 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆங்கிலம், தரவுகளை ஆராய்தல், கணக்கு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். ஆனால் பட்டயம் போதாது. இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நான். தவளையின் படம் வரைந்தவனே தவிர, ஒரு நோயாளிக்கும் தண்ணீர் கொடுத்தவனல்லன். இன்னும் ஓராண்டில் எனக்கு அந்தத் தகுதி வந்துவிடும். ஆறாண்டுகள் வார்டில் நின்ற அக்காவுக்குத் தகுதி இல்லை! பட்டயத்தோடு பணி அனுபவமும் உள்ளவர்களுக்குத் தனியே ஒரு வழி திறப்பதில் இந்நிறுவனங்களுக்கு என்ன நட்டம்?

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். பட்டயம் பெற்ற செவிலியர்கள் இரண்டாண்டு மேற்படிப்பில் பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் பெறலாம். அதன்பின் கேட் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதலாம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாகம் பயிலலாம். பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது என்பதும் உண்மை. வங்கிக் கடனும் உதவித்தொகையும் உண்டு என்றாலும், குத்தகை நிலத்தில் பாடுபடும் குடும்பத்துக்கு அந்த எண்ணே தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே, கட்டணம் குறைந்த பல்கலைக்கழகத் துறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011-இல் திருச்சிக்கே ஐ.ஐ.எம். வந்துவிட்டது. பேருந்தில் போய் வரும் தூரம்தான். மனத்தளவில் இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது.

நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, கணக்கும் ஆங்கிலமும் சேர்த்து, நுழைவுத் தேர்வுப் பயிற்சி ஒன்று நம் கல்லூரியில் தொடங்குங்கள். மருந்துக் கடையிலும் ஆய்வுக்கூடத்திலும் மாலை வேலை பார்க்கும் மாணவர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். தங்கள் வேலை விண்ணப்பத்தில் எழுதத்தக்க தகுதி என்று அவர்களுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை.

சென்ற பொங்கலன்று அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "எனக்கு எதுக்குடா தம்பி இந்த வயசுல? நீ படி" என்றாள். "உனக்கு இருபத்தாறுதானே" என்றேன். நான் பட்டம் பெற்று ஒரு வேலையில் அமர்ந்ததும் அவளுடைய இரண்டாண்டுப் படிப்புச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அக்காவும் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் அலமாரியிலிருந்த நோட்டைப் போன வாரம் எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறாள்.