மூக்கடைப்புக்கு மூக்கையே மாத்துவீங்களா?

சிக்னலில் நின்னா என்ஜின் ஆஃப் ஆகுது, ஏசி போட்டா மொத்த வண்டியும் குலுங்குது. எங்க வீட்டுப் பழைய மாருதி 800-க்கு (எம்பிஎஃப்ஐ மாடல்) வந்த வியாதி இது. ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்தார்கள். "ஐடில் வால்வு போச்சு சார், புதுசு போட்டுடலாம்." அப்பா தலையாட்டவே ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. கழட்டிக்கூடப் பார்க்காம போச்சுன்னு எப்படிங்க தெரியும்?

அந்த வால்வு (மெக்கானிக் பாஷையில் ஸ்டெப்பர் மோட்டார்) செய்கிற வேலை ரொம்ப சிம்பிள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ளும். அப்போது என்ஜின் மூச்சு விட பக்கத்தில் ஒரு சின்ன காற்றுப் பாதை உண்டு. அதை எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லும், வால்வு கேட்கும். ஏசி ஓடினால் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். கிரான்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே கரியாகப் படிந்து படிந்து ஒருநாள் வால்வு ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் மேட்டர்!

இதற்கு மருந்து ஒரு கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, ஒரு பழைய டூத் பிரஷ். ஊசி முனையிலும் காற்றுப் பாதையிலும் அடித்துத் துடைக்கணும். மோட்டார் பக்கம் ஸ்ப்ரே போகக்கூடாது, ஊசியைக் கையால் அழுத்தித் தள்ளவும் கூடாது, பல் போயிடும்.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் ஒண்ணு இருக்கு. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏத்திவிட்டு "சரி பண்ணியாச்சு" என்பது. கரி அப்படியே இருக்கும், பெட்ரோல்தான் கரையும்.

மாத்தவே கூடாதுன்னு சொல்லலை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து காயில் அறுந்திருந்தால் தாராளமா மாத்துங்க. ஆனா வேக்கம் ஹோஸ் விரிசல் விட்டிருந்தாலும் ஐடில் இப்படித்தான் ஆடும். அதுக்குப் புது வால்வு என்ன செய்யும்?

கடைசியில் ஞாயித்துக்கிழமை நானே கழட்டினேன். உள்ளே தார் மாதிரி கரி. துடைத்து மாட்டினதும் ஏசி போட்டும் குலுங்கலை. அந்த மெக்கானிக் அண்ணனிடமே போய்ச் சொன்னேன். சிரித்தார். "தெரியும் தம்பி. கழுவினதுக்கு யாரு காசு குடுப்பா? பார்ட்ஸ் மாத்தினாத்தான் பில்லு."

கேளுங்கண்ணே, குடுக்கிறோம். கழுவினதுக்குக் கூலின்னே பில்லில் எழுதுங்க.