‘பாஸ்’ என்று அச்சிட்டால் போதுமா?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிள் கொண்டுசெல்லும் வேலை பாரத்நெட் திட்டத்தின்கீழ் நடந்துவருகிறது. அத்திட்டத்தை நாடு முழுவதும் விரிவாக்க மத்திய அமைச்சரவை 2023இல் ஒப்புதல் அளித்த தொகை 1.39 லட்சம் கோடி ரூபாய். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை, மருத்துவமனையில் கணினிப் பதிவு, தெருமுனையில் கேமரா என்று எதை எடுத்தாலும் அதன் அடியில் கேபிள் கிடக்கிறது. அந்தக் கேபிளைச் சோதித்து ‘சரி’ என்று சான்று தருகிறவர் பல இடங்களில் டெஸ்டரின் பொத்தானை அழுத்த மட்டுமே பழகிய ஓர் இளைஞர். திரையில் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாம் அஞ்ச வேண்டிய இடம் இதுதான்.

செம்புக் கேபிளையே முதலில் எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லேன் டெஸ்டரில் எட்டு விளக்குகள் வரிசையாக எரிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். எட்டுக் கம்பிகளும் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு அறுபடாமல் வந்திருக்கின்றன என்பதற்கு மேல் அந்த விளக்குகளுக்கு எதுவும் தெரியாது. கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 3ஆம் முள்ளும் 6ஆம் முள்ளும் ஒரே முறுக்கின் ஜோடியாக இருக்க வேண்டும். அது தெரியாதவர் நிற ஜோடிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகச் செருகி இரு முனையிலும் கிரிம்ப் செய்துவிடுவார். எட்டு விளக்கும் எரியும். பிரிந்துபோன ஜோடிகளோ ஒன்றின் சமிக்ஞையை இன்னொன்றில் கலக்கும். நான்கு ஜோடிகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கிகாபிட் வேகத்தில் அந்த இணைப்பு தள்ளாடும். அலுவலகத்தில் ‘நெட் ஸ்லோ’ என்று ஸ்விட்சை மாற்றுவார்கள், ரவுட்டரை மாற்றுவார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கிடக்கும் கோளாறை யாரும் தேட மாட்டார்கள்.

இதைவிட மோசமானது, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி கேட்-6 என்ற பெயரில் விற்கப்படும் சரக்கு. தரநிலைகள் எதுவும் இதை ஏற்பதில்லை. இதன் மின்தடை சுத்தச் செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இப்போது கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்சாரமே இந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. 2018இல் வந்த தரநிலை ஒரே கேபிளில் 90 வாட் வரை அனுப்ப இடமளிக்கிறது. கட்டுக்கட்டாகக் கட்டிய மட்டக் கேபிளில் அவ்வளவு மின்சாரம் போனால் சூடு ஏறும். நல்ல டெஸ்டர் மின்தடையை ஓம் கணக்கில் காட்டும். ஆனால் 90 மீட்டர் செம்புக்கு அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அந்த எண்ணைப் பார்த்துத் துணுக்குறுவார்.

வீட்டில் 230 வோல்ட் வயரிங் செய்ய வயர்மேன் சான்று கேட்கிறோம். 90 வாட் ஓடும் நெட்வொர்க் கேபிளுக்கு எந்தச் சான்றும் கேட்பதில்லை.

ஃபைபரில் கதை இன்னும் சிக்கல். நெடுந்தொலைவு ஃபைபரில் ஒளி ஓடும் உட்கருவின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கனெக்டர் முனையில் ஒட்டிய ஒரு தூசி போதும், பாதையை அடைக்க. நுண்ணோக்கியில் முனையைப் பார், துடை, மறுபடியும் பார், பிறகு செருகு என்பது இத்தொழிலின் பாலபாடம். களத்தில் நடப்பதோ சட்டை நுனியில் ஒரு தேய்ப்பு. முனையைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதால் கண்ணைக் கெடுக்காது என்று ஆகிவிடாது.

பவர் மீட்டரில் ஒளி இழப்பை அளக்குமுன் சோதனைக் கேபிளை வைத்து ‘பூஜ்யம்’ அமைக்க வேண்டும். அழுக்கான கேபிளில் அதை அமைத்தால் பிறகு அளப்பது அத்தனையும் பொய். சில அறிக்கைகளில் இழப்பு மைனஸில் இருக்கும். அதாவது, ஒளி வழியில் பெருகி வந்ததாக அறிக்கை சொல்கிறது! மின்சாரமே தொடாத வெறும் கண்ணாடி இழை ஒளியை எப்படிக் கூட்டித் தரும் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டு பில் பாஸ் செய்யும் அதிகாரிக்கும் பயிற்சி தேவைதான். இழையின் வழியில் எங்கே எவ்வளவு ஒளி இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியும் அப்படியே. முன்னால் ஒரு நீள லாஞ்ச் கேபிள் வைக்காவிட்டால் முதல் கனெக்டரின் கோளாறு அதன் குருட்டு எல்லைக்குள் மறைந்துவிடும். ஒரே திசையில் அளந்தால் சில ஜாயிண்டுகள் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் தெரியாத மடிப்பு 1550இல் பல்லிளிக்கும்.

இதெல்லாம் நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் மொத்தம் செலவழிக்கக்கூடிய ஒளி இழப்பு 28 டெசிபல். 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே 17 டெசிபல் தின்றுவிடும். 20 கிலோமீட்டர் இழை ஏறத்தாழ 7 டெசிபல். மிஞ்சும் நான்கில்தான் எல்லா ஜாயிண்டும் எல்லா கனெக்டரும் அடங்க வேண்டும்; வெயிலிலும் காற்றிலும் கம்பத்தில் ஆடப்போகும் வருடங்களுக்கும் அதிலேயே இடம் விட வேண்டும். நான்கு அழுக்கு முனைகள் இருந்தால் கணக்கு முடிந்தது.

இந்த இளைஞர்களைக் குறை சொல்வது நம் நோக்கமில்லை. ஒரு முனைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசி, இரவோடு இரவாக முடிக்கச் சொன்னால் யார்தான் நுண்ணோக்கியை எடுப்பார்? சான்றளிக்கும் டெஸ்டரின் விலை பல லட்சம். சிறு ஒப்பந்ததாரர் அதை வாடகைக்கு எடுக்கிறார், வாடகை ஏறுமுன் முடிக்கப் பார்க்கிறார். கேட்-6 கேபிளை அதைவிடத் தாழ்ந்த கேட்-5இ வரம்பில் வைத்துச் சோதித்து ‘பாஸ்’ வாங்குவதும், ஒரே இணைப்பை இருபது பெயரில் சேமிப்பதும் இந்த நெருக்கடியில் பிறக்கும் தந்திரங்கள்.

ஃபைபர் ஜாயிண்ட் போடுபவருக்கான தேசியத் திறன் தகுதிகள் தொலைத்தொடர்புத் துறையில் ஏற்கெனவே உள்ளன. தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக உயர்த்தியிருக்கிறது. ரோபோவுக்கும் மின்வாகனத்துக்கும் கிடைத்த இடத்தில் ஒரு மூலை கேபிளுக்கும் கிடைக்கட்டும். அங்கே பாடம் தமிழில் நடக்க வேண்டும். வேண்டுமென்றே கெடுத்த கேபிள்களை மேசையில் போட வேண்டும்: பிரிந்த ஜோடி, முலாம் பூசிய அலுமினியம், அழுக்கு முனை, மடிந்த இழை. எது எங்கே கெட்டது என்று எண்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கே சான்றிதழ். வரிசையாக எல்லாம் ‘பாஸ்’ ஆகும் ஆய்வகத்தில் எதையும் கற்க முடியாது.

ஆனால் டெண்டர் கேட்காத சான்றிதழுக்கு மதிப்பு வராது. எல்காட், ஃபைபர்நெட் கழகம், பொதுப்பணித் துறை ஆகியவை அடுத்த டெண்டரிலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். சோதித்தவரின் பெயரும் சான்று எண்ணும் அறிக்கையில் இருக்க வேண்டும். பிடிஎஃப் நகலை ஏற்காமல் கருவியின் மூலக் கோப்பையே, கருவியின் அளவுத்திருத்தச் சான்றோடு பெற வேண்டும். வேறொரு குழு குறிப்பிட்ட பங்கு இணைப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து மறுசோதனை செய்யாமல் இறுதித் தவணையை விடுவிக்கக் கூடாது.