பழுதான வண்டியை ஓட்டச் சொல்லாதே!

பஞ்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஒரு காலத்தில் மனிதனின் முதுகும் தலையும் சுமந்த பாரத்தை, இன்று பல இடங்களில் போர்க்லிப்ட் வண்டி சுமக்கிறது. 170 கிலோ எடையுள்ள பஞ்சுப் பேலை இடுப்பு ஒடியப் புரட்டிய தொழிலாளிக்கு இந்த யந்திரம் விரோதி அல்ல. ஆனால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் யந்திரம் அவனுக்கு எமனாகிவிடுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உள்ள கவலை அல்ல இது. கிராமத்தில் வேலை போதாமல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்துக் கிடங்குகளுக்குக் காண்டிராக்ட் கூலிகளாகச் செல்லும் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் உயிர்ப் பிரச்னையும் இதுவே.

விபத்து நடந்தால் நிர்வாகம் சொல்லும் முதல் வார்த்தை, “டிரைவரின் அஜாக்கிரதை” என்பதாகும். யாருடைய அஜாக்கிரதை? பிரேக் பிடிக்கவில்லை என்று முந்திய ஷிப்டிலேயே சொல்லியும், “லாரி காத்திருக்கிறது, இன்று ஒரு நாள் ஓட்டு” என்று சாவியைக் கையில் திணித்தவர் யார்? இதைக் கேட்காத விசாரணை விசாரணையே அல்ல.

இந்த வண்டியின் சூட்சுமத்தை மாட்டுவண்டி ஓட்டியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். வண்டியில் பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். போர்க்லிப்டில் முன் சக்கரங்களே அச்சு. முன்னால் நீட்டிய இரு இரும்புக் கரங்களில் சரக்கு. அதைச் சமன் செய்யப் பின்னால் பெரிய இரும்பு எடை. 3 டன் தூக்கும் வண்டி, சரக்கு இல்லாமலே 4 டன்னுக்கு மேல் கனக்கும். சரக்கு கரங்களின் நுனிக்குத் தள்ளிப் போனாலும், அளவுக்கு மிஞ்சினாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். சரக்கை உயரத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் சாயும். பின் சக்கரங்களே திரும்புவதால், வண்டியின் பின்பகுதி வீசி வந்து அருகில் நிற்பவனைச் சுவரோடு நசுக்கும்.

இத்தகைய யந்திரத்தில் சிறு பழுது என்று ஒன்று கிடையாது. இரும்புக் கரம் 10 சதவீதம் தேய்ந்தாலே அதன் வலு சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். உடனே மாற்றியாக வேண்டும். தூக்கும் சங்கிலி 3 சதவீதம் நீண்டுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஒழுகும் எண்ணெய், தேய்ந்த டயர், ஊமையான ஹாரன், அறுந்த இடுப்புப் பட்டை, இவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கதியை மாற்றக்கூடியவை. வண்டி இடித்து வளைந்த அடுக்குச் சட்டத்தின் ஒரே ஒரு கால் போதும், வரிசை முழுவதும் சரிவதற்கு. காற்றோட்டமில்லாத கிடங்கில் டீசல் வண்டியின் புகை நஞ்சு. பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் இடத்தில் ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது. அங்கே ஒரு பீடி நெருப்பும் வெடியாகும்.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 100 தொழிலாளர்கள் இந்த வண்டிகளால் மாண்டனர், 20,000 பேர் படுகாயமுற்றனர் என்று சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமே இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. வண்டி கவிழ்ந்து செத்தவர்களே அதில் முதலிடம். அங்குள்ள விதி என்ன? வண்டியை நாள்தோறும் சோதித்த பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும். இரவு பகலாக ஓடினால் ஒவ்வொரு ஷிப்டுக்குப் பிறகும் சோதிக்க வேண்டும். பழுது கண்டால், சரிசெய்யும் வரை வண்டி வெளியே வரக்கூடாது. பயிற்சி இல்லாதவன் ஓட்டக்கூடாது. 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது டிரைவரின் திறமையைப் பரிசீலிக்க வேண்டும். இந்த விதிகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. தொழிலாளர் சிந்திய ரத்தத்திலிருந்து பிறந்தவை.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரம்பை அது 20 ஆக்கிவிட்டது. சாதாரணத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியைக் கட்டாயமாக நியமிப்பதற்கு 500 தொழிலாளர் இருக்க வேண்டும் என்கிறது. நாற்பது பேர் வேலை செய்யும் கிடங்கில் வண்டி கவிழ்ந்தால் நசுங்காதா? எனினும் அதே சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. உயிருக்கு உடனடி அபாயம் என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, அதை முதலாளிக்கும் அரசின் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை உடையவன். அதை எழுத்தில் கொடுங்கள். நகலைச் சங்கத்தில் வையுங்கள்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு ஷிப்டின் ஆரம்பத்திலும் வண்டியைச் சோதிக்கப் பத்து நிமிடம் வேண்டும். அது கூலியுள்ள வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். பழுது எழுதும் பதிவேடு தொழிலாளர் கண் முன் இருக்க வேண்டும். பழுதான வண்டியின் சாவி பூட்டில் போக வேண்டும். அதை ஓட்ட மறுத்தவனுக்குக் கூலி வெட்டோ, வேலை நீக்கமோ கூடாது. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வெளி மாநிலத் தொழிலாளிக்கும், அவரவருக்குப் புரியும் பாஷையில், நிர்வாகத்தின் செலவில் பயிற்சி வேண்டும். நடப்பவர் பாதையும் வண்டிப் பாதையும் தனித்தனியே பிரிக்கப்பட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. தூக்கிய கரத்தின் கீழ் நிற்காதீர்கள். கரத்தின் மேல் ஏறிச் சவாரி செய்யாதீர்கள். டிரைவர் தோழர்களே, இடுப்புப் பட்டை இல்லாமல் அமராதீர்கள். வண்டி சாயும்போது குதிக்காதீர்கள். குதிப்பவனே பெரும்பாலும் வண்டிக்கடியில் சிக்குகிறான்.

பழுதான வண்டியைத் தனியாக மறுப்பவனை மேஸ்திரி மறுநாளே வாசலில் நிறுத்திவிடுவான். ஷிப்டே சேர்ந்து மறுத்தால் யாரை நிறுத்துவான்? தேய்ந்த சங்கிலிக்கு மாற்றுச் சங்கிலி கடையில் கிடைக்கும். இறந்த தொழிலாளிக்கு மாற்று அவன் வீட்டாருக்கு எங்கும் கிடைக்காது. இந்தக் கணக்கை நிர்வாகங்கள் தாமாகப் போடமாட்டா. ஒன்றுபட்ட தொழிலாளர்கள்தான் போட வைக்க வேண்டும்.