அடி இரண்டு மடக்கை: சூத்திரம் சரி, விடை தவறு

இரும மடக்கையைக் கணிக்க, எண்ணின் இயல் மடக்கையை இரண்டின் இயல் மடக்கையால் வகுத்தால் போதும் என்று கற்பிப்பது வழக்கம். கணிதத்தில் இது பிழையற்றது. கணினியில் அவ்வாறன்று.

53,68,70,912 என்பது 2-இன் 29ஆம் அடுக்கு. எனவே அதன் இரும மடக்கை 29. ஜாவாஸ்கிரிப்டில் மேற்கண்ட வகுத்தலைச் செய்தாலோ 29.000000000000004 என்று வருகிறது. இயல் மடக்கைகள் முடிவற்ற பதின்மங்கள். 53 பிட்டுகளுக்குள் அடங்குமாறு அவை முழுமையாக்கப்படுகின்றன. வகுக்கும்போது அந்தக் குறை வெளிப்படுகிறது.

இத்துணைச் சிறிய பிழையால் என்ன கேடு என்று கேட்கலாம். அத்தனை பொருள்களுக்கும் தனித்தனிக் குறியீடு வழங்க எத்தனை பிட்டுகள் தேவை என்று கணக்கிட, விடையை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். அப்போது 29 என்பது 30 ஆகிவிடும். நிரல் நிற்பதில்லை, எச்சரிக்கையும் எழுவதில்லை. தவறான எண் ஆய்வேட்டின் அட்டவணையில் அமைதியாக இடம்பிடித்துவிடும்.

2015ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் தரநிலை, மேத்.லாக்2 என்னும் உள்ளமைந்த சார்பை வழங்கியது. வகுத்தலைவிட அதுவே மேலானது. ஆயினும் அதன் விடை செயலாக்கத்தைப் பொறுத்த தோராயமே என்று அதே தரநிலை கூறுகிறது. ஆகவே சார்பின் பெயரை மனப்பாடம் செய்வது தீர்வாகாது. வினாவின் இயல்பை அறிவதே தீர்வு. தகவல் கோட்பாட்டின் என்ட்ரோபி போன்ற மெய்யெண் கணக்குகளுக்கு மேத்.லாக்2 பொருந்தும், அங்கும் நிகழ்தகவு சுழியமாகும் இடத்தைத் தனியே கையாளாவிடில் விடை எண்ணாகவே இராது. முழுவெண் வினாவுக்கோ முழுவெண் வழியே உகந்தது. 32 பிட்டுகளுக்குள் அடங்கும் நேர்ம முழுவெண்ணின் முன்னணிச் சுழியங்களை மேத்.சிஎல்இசட்32 எண்ணித் தருகிறது. அதை 31-இலிருந்து கழித்தால் மடக்கையின் முழுவெண் பகுதி பிழையின்றிக் கிடைக்கும். மேல்நோக்கிய விடை வேண்டுமெனில், எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதன் முன்னணிச் சுழியங்களை 32-இலிருந்து கழிக்கலாம்.

இந்திய மரபுக்கு இப்பார்வை புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, சமண அறிஞர் வீரசேனர் தம் தவளா உரையில் 'அர்த்தச்சேதம்' என்று குறித்தது, ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் எண்ணிக்கையையே. அங்கே மடக்கை என்பது எண்ணிப் பெறும் முழுவெண்.

கணிதச் சமன்பாடும் கணினிச் சமன்பாடும் ஒன்றல்ல என்பதை முதல் பருவத்திலேயே கற்பிக்க வேண்டும். அதற்கு 29 என்னும் இந்த ஒரே எடுத்துக்காட்டு போதும்.