குன்றின் வடமுகம்

நிலக்காட்சிப் படம் எடுக்கக் கற்றுத்தருபவர்கள் கேமராவுக்கு முன்பே சூரியனைப் பாடமாக வைக்க வேண்டும். அதுவும் நம்மூர்ச் சூரியனை. திருப்பரங்குன்றத்துக் கோயில் மலையின் வடபுறத்தில் இருக்கிறது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போக, அந்த வடமுகம் நிழலில் கிடக்கும். ஆனியில் சூரியன் உச்சிக்கும் வடக்கே வந்துவிடும். அதே பாறையில் காலையும் மாலையும் பக்கவாட்டு வெயில் விழ, வெடிப்பும் வரியும் எழுந்து நிற்கும். நண்பகலிலும் வடமுகத்தில் வெயில் படும் என்பது ஐரோப்பிய நிலத்தை வைத்து எழுதிய கையேடுகளில் கிடைக்காது.

ஒரே குன்றைச் சுற்றினால் பார்வை குறுகிவிடாதா என்று கேட்பார்கள். ஊட்டிக்கும் மூணாறுக்கும் போவது உற்சாகம் தரும், மறுக்கவில்லை. ஆனால் புது இடத்தில் படம் நன்றாக வந்தால் அது இடத்தின் அழகா, எடுத்தவரின் திறமையா என்று தெரியாது. பழகிய குன்றில்தான் தெரியும். எடிட்டிங்கில் சரிசெய்யலாமே என்றால், நிழலை வெளுக்கலாம். பாறையின் திரட்சி வராது. ஆர்வத்தால் புகைப்படம் கற்ற ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையைப் படமெடுத்தார். அக்கால நெகட்டிவில் வெறுமையாகப் பதிந்த வானத்தில் அவர் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்ததுண்டு. கட்டடத்தின் மேல் விழும் வெயிலை அப்படித் தீட்ட முடியாது. அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே மதுரையில் வகுப்பு நடத்துபவர்கள் மாணவர்களை ஆனியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை அதே இடத்தில் நிறுத்தி, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பேசட்டும்.